தராசுக்கு முத்திரை உண்டு, கண்ணுக்கு?



நம் கடைத் தராசு ஒழுங்காகத்தான் நிறுக்கிறது. இருந்தாலும் எடைக்கல்லையும் இரும்புத் தராசையும் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், எலக்ட்ரானிக் தராசை ஆண்டுக்கு ஒருமுறையும் முத்திரைக்குக் கொண்டுபோகிறோம். "நன்றாகத்தானே நிறுக்கிறது, முத்திரை எதற்கு?" என்று முத்திரை ஆய்வாளரிடம் நாம் வாதாடுவதில்லை. எடைக்கல் தேய்வது அதைத் தினமும் கையாளுகிறவன் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று உள்ள கருவியை வைத்து வேறொருவர் பார்த்தால்தான் தெரியும். இந்த நியாயத்தை நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

ஆனால் தராசைவிட விலைமதிப்புள்ள ஒரு கருவி நம் ஒவ்வொருவர் முகத்திலும் இருக்கிறது. ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டி, பச்சை எவ்வளவு, வெளுப்பு எவ்வளவு, பிளந்த காய் எவ்வளவு என்று ஒரு நொடியில் மதிப்புப் போடுவது எதை வைத்து? துவரம்பருப்பில் கேசரிப்பருப்பு கலந்திருக்கிறதா, மிளகாயில் பூஞ்சை பிடித்திருக்கிறதா, நீட்டிய நோட்டு நல்ல நோட்டா என்று பார்ப்பது எதை வைத்து? போடி ஏலத்தில் கம்ப்யூட்டர் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்கு முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறவரும் சாம்பிளைக் கண்ணால் பார்த்துத்தானே விலை சொல்கிறார்? அந்தக் கண்ணுக்கு முத்திரை போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று நம்மில் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கேட்டே ஆகவேண்டும் என்பதை வற்புறுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

நம்மில் எத்தனை பேர்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேர். நம் சங்கத்திலோ பாதிக்கு மேற்பட்டவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்து, இரவு பத்து மணிக்கு எழுந்திருந்து, இடையில் டீயும் வடையுமாகக் காலம் தள்ளுகிறவர்கள். நம்மிடையே விகிதம் இதைவிடக் கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

2015 முதல் 2019 வரை டெல்லி எய்ம்ஸ் மத்திய அரசுக்காக எடுத்த இன்னொரு கணக்கு இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளைச் சோதித்ததில், நூற்றுக்கு 16.9 பேருக்கு விழித்திரையில் பாதிப்பு இருந்தது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். வியாதி வந்து ஆண்டுகள் ஏற ஏற இந்த விகிதமும் ஏறும்.

உள்ளே நடப்பது என்ன?

கண்ணின் பின்சுவரில் மெல்லிய காகிதம்போல் ஒட்டியிருப்பது விழித்திரை. கேமராவுக்கு பிலிம் எப்படியோ அப்படிக் கண்ணுக்கு அது. உடம்பில் பிராணவாயுவை மிக அதிகமாகச் செலவழிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதற்குத் தீனி கொண்டுபோவது மயிரிழையிலும் மெல்லிய ரத்தக் குழாய்கள். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் இந்தக் குழாய்களின் சுவர் கெடுகிறது. முதலில் ஆங்காங்கே சிறு குமிழ்போல் உப்புகிறது. பிறகு கசிகிறது. பிறகு சில குழாய்கள் அடைத்தே போகின்றன. அடைத்த இடத்துக்கு அப்பால் உள்ள விழித்திரை பட்டினி கிடக்கிறது.

ஆபத்து இதற்குப் பிறகுதான். பட்டினி கிடக்கும் பகுதி, "எனக்கு ரத்தம் வேண்டும், புதுக் குழாய் போடு" என்று ஒரு ரசாயனச் செய்தி அனுப்புகிறது. இப்படி ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் 1948லேயே ஊகித்தார். 1989இல் ரத்தக் குழாயை வளரச் செய்யும் அந்தப் பொருளை அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். 1994இல் சர்க்கரை நோயாளிகளின் கண்ணுக்குள் உள்ள நீரிலேயே அது மிகுந்திருப்பதைக் கண்டார்கள்.

செய்தி கிடைத்ததும் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. நல்லதுதானே என்று தோன்றும். வரவு நின்றுபோன கடைக்காரர் அன்றைய நெருக்கடிக்கு மீட்டர் வட்டிக்கு வாங்குகிறார் அல்லவா, அந்தக் கதைதான் இது. அன்றைக்குப் பணம் வந்தது உண்மை. கடையை மூட வைப்பதும் அதே பணம்தான். இந்தப் புதுக் குழாய்களுக்குச் சுவரில் வலுவில்லை. முளைக்க வேண்டிய இடத்திலும் முளைப்பதில்லை. விழித்திரையை விட்டு, கண்ணின் நடுவே நிரம்பியிருக்கும் தெளிந்த கூழின்மேல் படர்கின்றன. ஒருநாள் தானாக உடைந்து ரத்தம் கொட்டுகிறது. பார்வை முன்னால் கறுப்புத் திரை விழுந்தது போலாகிறது. குழாய்களோடு தழும்பு நாரும் வளர்ந்து, அது சுருங்கும்போது விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்து இழுக்கிறது. இன்னும் சிலருக்குக் கருவிழித் திரைமேலும் இக்குழாய்கள் படர்ந்து, கண்நீர் வடியும் வழியை அடைத்து, கண் அழுத்தம் ஏறித் தாங்க முடியாத வலியில் கொண்டுவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. உடையும் நாள் வரையில் வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. கண் டாக்டரின் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரையில் படித்துவிடுகிற ஒருவருக்கும் உள்ளே குழாய் முளைத்திருக்கலாம். பார்வை நன்றாக இருப்பது கண் நன்றாக இருப்பதற்கு ஆதாரமே அல்ல.

கண்புரை நமக்குச் சொல்லிக்கொடுத்தது

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி அவர்கள் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பிறகு தேனியிலும் அது வந்தது. ஊர் ஊராக முகாம் போட்டு, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், கண்புரை எடுத்து, பார்வையோடு திருப்பி அனுப்பினார்கள். நம் பகுதியில் அதனால் கண் பெறாத குடும்பம் குறைவு. அந்தப் புண்ணியத்தை யாரும் மறக்க முடியாது.

ஆனால் அந்த வெற்றியிலிருந்து நம் மக்கள் ஒரு பாடத்தைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். கண் மங்கினால் அவசரமில்லை. முற்றிய பிறகு போனாலும் எடுத்துவிடுவார்கள். லென்ஸ் வைத்தால் பழையபடி தெரியும். கண்புரைக்கு இது பெரும்பாலும் சரி. விழித்திரைக்கு இது முழுக்கத் தப்பு. புரை என்பது அழுக்கேறிய கண்ணாடி, மாற்றிக்கொள்ளலாம். விழித்திரைக்கு மாற்று உதிரிபாகம் உலகத்தில் எங்கும் கிடையாது. செத்த பகுதி செத்ததுதான். கண்புரைக்காரர் தாமதமாகப் போனால் சில மாதங்கள் தடுமாறுவார். விழித்திரைக்காரர் தாமதமாகப் போனால் இருப்பதைக் காப்பாற்ற முடியுமா என்றுதான் டாக்டர் பார்ப்பார், போனதைத் திருப்பித் தரமாட்டார்.

நம் சங்கங்கள் நடத்தும் முகாம்களும் இந்த நினைப்பிலேயே ஊறிப்போனவை. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது, டார்ச் அடித்துப் புரை பார்ப்பது, கண்ணாடி எழுதிக் கொடுப்பது. இதோடு முகாம் முடிந்து படம் எடுத்துக்கொள்கிறோம். முகாமுக்கு வந்த சர்க்கரை நோயாளி, "கண் செக்கப் பண்ணியாச்சு" என்ற தைரியத்தோடு வீட்டுக்குப் போகிறார். அவருடைய விழித்திரையை யாரும் பார்க்கவே இல்லை.

மலையடிவாரத்தில் எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர். சர்க்கரை வந்து பதினான்கு ஆண்டு. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறவர்தான். ஒருநாள் காலை சரக்கு நிறுத்துக்கொண்டிருக்கும்போது வலது கண்ணில் புகை மிதப்பதுபோல் இருந்திருக்கிறது. மிளகாய் மூட்டை பிரித்த தூசி என்று நினைத்து, மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டார். வலி இல்லை, இடது கண் நன்றாகத் தெரிந்தது, அதனால் வேலை நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது விழித்திரை பிய்ந்திருந்தது. ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் கை அசைவது மட்டும்தான் தெரிகிறது. நல்லவேளையாக இடது கண்ணுக்கு லேசர் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அவர் சிட்டை எழுதும் முறை அவருக்கு மட்டுமே புரியும். அவர் ஆஸ்பத்திரிக்கு அலைந்த அந்த மாதங்களில் வெளியே நின்ற பாக்கியில் பாதியை அவருடைய மகனால் வசூல் செய்ய முடியவில்லை. கண்ணோடு கணக்கும் போயிற்று.

நம்மவர் சொல்லும் காரணங்கள்

"எனக்குச் சர்க்கரை கண்ட்ரோலில் இருக்கிறது" என்பார்கள். டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் சோற்றைக் குறைத்துக்கொண்டு போனால் காலைச் சர்க்கரை நன்றாகத்தான் வரும். அது அன்றைய கல்லா இருப்பு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட் தனியாக இருக்கிறது, அதுதான் ஐந்தொகை. அதைக் கேட்டு எடுக்க வேண்டும். ரத்த அழுத்தத்தையும் விடக்கூடாது. பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குச் சிறு ரத்தக் குழாய்க் கோளாறுகள் கால் பங்கு குறைந்தன. ரத்த அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு விழித்திரை மோசமாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குறைந்தது என்றுதான் சொன்னார்கள், நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. ஆகவே கட்டுப்பாட்டில் உள்ளவரும் சோதிக்கத்தான் வேண்டும்.

"கண்ணாடி மாற்றினால் போதும்" என்பது அடுத்தது. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது வேறு, விழித்திரை பார்ப்பது வேறு.

"சொட்டு மருந்து விட்டால் அரைநாள் எழுத்துத் தெரியாது, கடையை யார் பார்ப்பது?" இதில் நியாயம் இருக்கிறது. பாப்பாவை விரிக்கச் சொட்டு விட்டால் நான்கைந்து மணி நேரம் கிட்டத்தில் உள்ளது மங்கும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டக்கூடாது. ஆனால் அது ஆண்டுக்கு ஓர் அரைநாள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போகிற நாம் இதற்குப் போக முடியாதா? ராசிங்காபுரத்திலிருந்து போடி போய்த் தேனி சேர்வது ஒன்றும் பெரிய பிரயாணமல்ல. 2023 ஜூனிலிருந்து போடிக்கு ரயிலும் வந்துவிட்டபடியால் மதுரையும் தூரமில்லை.

கடைசிக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய காரணம் அதுதான். "கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறான்" என்று கடைவீதியில் பேச்சு வந்தால் சரக்குக் கொடுத்தவர்கள் பாக்கியைக் கேட்டு வந்துவிடுவார்கள், இனிமேல் கடனுக்குத் தரமாட்டார்கள் என்ற பயம். இதற்கு மொத்த வியாபாரி என்ற முறையில் நானே பதில் சொல்கிறேன். வியாதியைக் கவனித்துக்கொள்கிற கடைக்காரரிடம் என் பணம் பத்திரமாக இருக்கிறது. மூடி மறைத்து ஒருநாள் திடீரென்று படுத்துவிடுகிறவரிடம்தான் என் பணம் முடங்குகிறது. மொத்த வியாபாரிகள் எல்லோரும் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற கடைக்காரருக்கு இரண்டு வாரம் தவணை நீட்டிக் கொடுப்பதால் யாரும் நொடித்துப் போகமாட்டோம்.

வைத்தியம் இருக்கிறது

நேரத்தோடு போனால் வழி உண்டு. முதலாவது லேசர். பட்டினி கிடக்கும் ஓரப் பகுதி விழித்திரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு புள்ளிகளாகச் சுட்டுவிடுகிறார்கள். தீனி கேட்கும் வாய் குறைவதால் ரசாயனச் செய்தி அடங்கி, புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றும் வைத்தியம் இது. இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் சிறிது குறையலாம். போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜீப் ஓட்டுகிறவர்கள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1,700க்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் வைத்து, மறு கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பார்வை அறவே போகும் ஆபத்து லேசர் வைத்த கண்ணில் பாதிக்கு மேல் குறைந்ததை 1976இல் அறிவித்தார்கள். இன்றுவரை அது உறுதியாக நிற்கிறது.

இரண்டாவது ஊசி. அந்த ரசாயனச் செய்தியையே தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்துவது. குடல் புற்றுநோய்க்கு என்று 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு மருந்தைச் சிறு அளவில் கண்ணுக்குப் போட்டு டாக்டர்கள் பலன் கண்டார்கள். பிறகு கண்ணுக்கென்றே மருந்துகள் வந்தன. விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்குகிறவர்களுக்கு இந்த ஊசி பெரிய வரப்பிரசாதம். ஆனால் ஒரு ஊசியோடு முடிவதில்லை. முதலில் மாதா மாதம், பிறகு டாக்டர் சொல்கிறபடி. வியாபாரி இங்கே உஷாராக இருக்க வேண்டும். ஊசியை மட்டும் நம்பியிருந்து இடையில் ஆறு மாதத்துக்கு மேல் போகாமல் விட்டவர்களுக்கு, லேசர் வைத்துக்கொண்டு அதேபோல் விட்டவர்களைவிட அதிகக் கெடுதல் வந்ததாக 2019இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆகவே சீசனில் கடையை விட்டு வர முடியாது என்றால், அதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அதற்குத் தகுந்த வைத்தியத்தைத் தேர்ந்தெடுப்பார்.

மூன்றாவது ஆபரேஷன். ரத்தம் தேங்கிய கூழை எடுத்து, இழுக்கும் நாரை அறுத்து விடுவது. இது கடைசிக் கதவு. அதுவரை காத்திருக்கக் கூடாது.

சங்கம் செய்ய வேண்டியது

தனி ஆள் தனக்குத் தானே செய்துகொள்வான் என்று விட்டால் நடக்காது என்பதற்கும், ஒழுங்காகக் கூப்பிட்டுப் பார்த்தால் நடக்கும் என்பதற்கும் இங்கிலாந்தே சாட்சி. அங்கே 2003 முதல் சர்க்கரை நோயாளிகளை முறையாக அழைத்து விழித்திரையைப் படம் எடுத்தார்கள். உழைக்கும் வயதில் பார்வை இழப்பதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக முதல் காரணமாக இருந்த இந்த நோய், அந்த இடத்திலிருந்து இறங்கிவிட்டதாக 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படி அழைத்துப் பார்ப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று அதை எழுதியவர்களே சொல்கிறார்கள். நம் நாட்டிலும் கருவி வந்துவிட்டது. விழித்திரைப் படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துக் கோளாறு சொல்லும் முறையை 2016இல் கூகுள் வெளியிட்டபோது, அதற்குப் பயன்பட்ட படங்களில் நம் அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. நம்மவர் கண்ணைப் பார்த்துத்தான் கருவியே கற்றுக்கொண்டது. நாம்தான் இன்னும் கண்ணைக் காட்டவில்லை.

2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. கண்ணைப் படம் எடுக்கும் கேமராவை நம் தெருவுக்கு வரவழைப்பது நம் கையில் இருக்கிறது. சங்க நிர்வாகிகள் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, இனி சங்கத்தின் பெயரில் கண் முகாம் நடந்தால் விழித்திரையைப் படம் எடுக்கும் வசதியோடுதான் நடக்க வேண்டும். முகாம் நடத்த வருகிற மருத்துவமனையிடம் இதை முதலிலேயே கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வைக்க வேண்டும். மறுநாள் காலை கல்லாவில் உட்காரும்போது பார்வை பழையபடி ஆகியிருக்கும்.

மூன்றாவது, உறுப்பினரோடு நிறுத்தக்கூடாது. கணக்குப்பிள்ளை, சுமை தூக்குகிற தொழிலாளர்கள், வேன் டிரைவர்கள், நம் வீட்டுப் பெண்கள் எல்லோரையும் அழைக்க வேண்டும். வீட்டுப் பெண்களுக்கு எத்தனை ஆண்டாகச் சர்க்கரை என்பதே பல வீடுகளில் தெரியாது.

நான்காவது, சந்தா புதுப்பிக்கும்போதே, "சர்க்கரை உண்டா, கண் படம் எடுத்த தேதி என்ன" என்று சங்கத்தில் குறித்துக்கொண்டு, ஆண்டு முடியும்போது நினைவூட்ட வேண்டும். மே 5 வணிகர் தினத்துக்குக் கடையடைப்பு என்று வீடு வீடாகச் சொல்லி அனுப்ப முடிகிற சங்கத்துக்கு இது ஒரு பாரமா?

இதற்கிடையில் நாமே நினைவில் வைக்க வேண்டியவை சில. சர்க்கரை என்று தெரிந்த அன்றே முதல் கண் படம். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. கோளாறு தொடங்கிவிட்டால் டாக்டர் சொல்கிற இடைவெளியில். திடீரென்று கறுப்புப் புள்ளிகளோ, சிலந்தி வலையோ, புகையோ மிதந்தால் அன்றைக்கே விழித்திரை டாக்டரிடம் போக வேண்டும். மெடிக்கல் சொட்டு மருந்து அதற்கு மருந்தல்ல. வாரம் ஒருமுறை ஒரு கண்ணைக் கையால் மூடி, மறு கண்ணால் காலண்டர் தேதியைப் பாருங்கள். ஒரு கண் கெட்டதை நல்ல கண் மறைத்துவிடும். ஆனால் இது படம் எடுப்பதற்கு ஈடாகாது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பலனில்லை என்று பெரியவர்கள் சொன்னதை நாம் பேச்சுக்குப் பயன்படுத்துகிறோம், காரியத்தில் மறந்துவிடுகிறோம். முத்திரை இல்லாத தராசுக்கு அபராதத்தோடு போய்விடும். முத்திரை இல்லாத கண்ணுக்கு முதலே போய்விடும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் சங்கம் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டத் தேதி வரையில் காத்திராமல், சர்க்கரை உள்ள அன்பர்கள் வரும் வாரமே ஓர் அரைநாள் ஒதுக்கித் தேனிக்குப் போய்வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

— ராசிங்காபுரம் மளிகை மொத்த வியாபாரி ஒருவர்